ஹெலன் ஹண்ட் ஜாக்சன்: வாழ்வும் ‘ரமோனா’ புதினமும்

ஆய்வுச் சுருக்கம்

ஸ்பானியப் பேரரசின் வட எல்லைப்புறமாக விளங்கிய கலிபோர்னியா, 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் மெக்சிகோவின் கைக்கும் பின்னர் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கைக்கும் மாறியது. அம்மாற்றத்தில் நிலமிழந்த பூர்வகுடியினரின் நிலையை மையமாகக் கொண்டு எழுந்த புதினம் ‘ரமோனா’ (1884). அதன் ஆசிரியர் ஹெலன் ஹண்ட் ஜாக்சனின் (1830–1885) வாழ்க்கையை இக்கட்டுரை கால முறைப்படி விளக்குகிறது. கள ஆய்வு, அரசு அறிக்கை, புதினம் என்னும் மூன்று எழுத்துவகைகள் அவரிடம் ஒரே நோக்கத்திற்குக் கருவிகளானமையும், அந்நோக்கத்திற்கும் வாசகர் ஏற்பிற்கும் இடையே நேர்ந்த முரணும் இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வரலாற்றுப் புதினம், எல்லைப்புறச் சமூகம், கலிபோர்னியா, மிஷன் பூர்வகுடியினர், நில உரிமை, ரமோனா.

முன்னுரை

வரலாற்றுப் புதினம் பெரும்பாலும் கடந்துபோன ஒரு காலத்தை மீட்டெடுக்கும் முயற்சியாகவே கருதப்படுகிறது. அரசர்களும் போர்களும் இல்லாத, எழுதுபவர் காலத்திலேயே இன்னும் முடிந்துவிடாத ஒரு வரலாற்றைப் புதினமாக்கும்போது அவ்வகைமையின் இயல்பு மாறுகிறது. அங்கு மீட்டெடுப்பு மட்டுமன்றி, முறையீடும் இலக்கியத்தின் பணியாகிவிடுகிறது. ‘ரமோனா’ அத்தகைய படைப்பு. அதனை எழுதியவர் கலிபோர்னியாவில் பிறந்தவர் அல்லர், ஸ்பானிய மரபினர் அல்லர், பூர்வகுடியினரும் அல்லர். நாற்பத்தொன்பது வயது வரை சமூகச் சீர்திருத்தங்களிலிருந்து விலகியே நின்ற, நாடறிந்த ஒரு கவிஞர். அவர் எவ்வாறு இப்புதினத்தை நோக்கி வந்தார் என்பதை அறிய அவருடைய வாழ்க்கையை முழுமையாக நோக்குதல் இன்றியமையாதது.

1. பிறப்பும் இளமையும்

ஹெலன் மரியா ஃபிஸ்க் 1830 அக்டோபரில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆம்ஹெர்ஸ்ட் ஊரில் பிறந்தார். தந்தை நேதன் வெல்பி ஃபிஸ்க் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரிப் பேராசிரியர்; செம்மொழிகளிலும் மெய்யியலிலும் புலமை பெற்றவர்; சமயப் பற்றில் உறுதியானவர். தாய் டெபோராவும் எழுத்தார்வம் உடையவர். அதே ஆண்டு டிசம்பரில் அதே ஊரில் எமிலி டிக்கின்சன் பிறந்தார். ஒரே சிற்றூரில் இரு மாத இடைவெளியில் பிறந்த இவ்விரு பெண்களின் நட்பு பின்னாளில் அமெரிக்கக் கவிதை வரலாற்றில் குறிப்பிடத்தக்க ஒன்றாயிற்று.

தாய் 1844-இல் காசநோயால் இறந்தார். உடல்நலம் தேடிப் பயணம் மேற்கொண்ட தந்தை 1847-இல் எருசலேமில் காலமானார். பதினாறு வயதில் பெற்றோர் இருவரையும் இழந்த ஹெலன், உறவினர் பொறுப்பிலும் விடுதிப் பள்ளிகளிலும் வளர்ந்தார். இப்ஸ்விச் பெண்கள் பள்ளியிலும் நியூயார்க்கில் அபட் சகோதரர்கள் நடத்திய கல்வி நிலையத்திலும் கற்றார். வீடு என நிலையான ஒன்று இல்லாமல் வளர்ந்த இவ்விளமை, பின்னாளில் வீடிழந்தோரைப் பற்றி எழுதிய அவருடைய எழுத்தோடு இணைத்து நோக்கத்தக்கது.

2. இழப்புகளும் எழுத்தின் தொடக்கமும்

1852-இல் இராணுவப் பொறியாளர் எட்வர்டு பிசெல் ஹண்ட்டை அவர் மணந்தார். முதற்குழந்தை மர்ரே ஓராண்டு நிறையும் முன்னரே 1854-இல் இறந்தது. நீர்மூழ்கிப் போர்க்கருவி ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தபோது நேர்ந்த விபத்தில் கணவர் 1863-இல் உயிரிழந்தார். எஞ்சியிருந்த ஒரே மகன் ரென்னி 1865-இல் தொண்டை அடைப்பான் நோய்க்கு இரையானான். முப்பத்தைந்து வயதை எட்டும் முன் பெற்றோர், கணவர், இரு மக்கள் அனைவரையும் அவர் இழந்திருந்தார்.

இத்துயரிலிருந்தே எழுத்து பிறந்தது. 1866-இல் ரோட் தீவு மாநிலத்து நியூபோர்ட் நகரில் குடியேறிய ஹெலனுக்கு, கட்டுரையாளரும் அடிமை ஒழிப்பு இயக்கத்தவருமான தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்சனின் வழிகாட்டல் கிட்டியது. ‘எச்.எச்.’ என்னும் சுருக்கப் பெயரில் அவர் எழுதிய கவிதைகள் விரைவில் புகழ்பெற்றன. முதற்கவிதைத் தொகுதி 1870-இல் வெளிவந்தது. எமர்சன் 1874-இல் தொகுத்த ‘பர்னாசஸ்’ திரட்டில் அவருடைய கவிதைகளையும் சேர்த்தார். பயண நூல்கள், சிறுகதைகள், இல்லறக் கட்டுரைகள் எனப் பலவகையில் எழுதி, எழுத்தூதியத்தாலேயே வாழக்கூடிய நிலையை அவர் எய்தினார். ‘மெர்சி ஃபில்பிரிக்கின் தெரிவு’ (1876), ‘ஹெட்டியின் விந்தை வரலாறு’ (1877) ஆகிய புதினங்கள் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தன.

எமிலி டிக்கின்சனின் மேதைமையை அவர் வாழ்நாளிலேயே அறிந்து, அவர் கவிதைகளை வெளியிடுமாறு இடைவிடாது வற்புறுத்தியவர் ஹெலன். அவருடைய முயற்சியால் டிக்கின்சனின் கவிதை ஒன்று 1878-இல் வெளிவந்த ‘கவிஞர்களின் முகமூடி நாடகம்’ என்னும் பெயரிலாத் தொகுப்பில் இடம்பெற்றது. வாசகர் பலர் அதனை எமர்சனின் கவிதை எனக் கருதினர். பிறர் குரலை உலகறியச் செய்யும் இவ்வியல்பு அவருடைய பிற்கால வாழ்விற்கு முன்னறிவிப்பாக அமைந்தது எனலாம்.

உடல்நலம் கருதி 1873-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் சென்ற ஹெலன், அங்கு வங்கியாளரும் இருப்புப்பாதை நிறுவன அலுவலருமான வில்லியம் ஷார்ப்லெஸ் ஜாக்சனை 1875-இல் மணந்தார். அதன்பின் அவர் வாழ்வு மேற்கு நிலத்தோடு பிணைந்தது. எனினும் பூர்வகுடியினர்பால் அவருக்கு அப்போது பரிவு ஏற்பட்டுவிடவில்லை. 1872-இல் மேற்கொண்ட கலிபோர்னியப் பயணத்தின்போது இருப்புப்பாதை நிலையங்களில் கண்ட பூர்வகுடியினரை அருவருப்புத் தொனியிலேயே அவர் வருணித்தார். பெண்கள் வாக்குரிமை, அடிமை ஒழிப்பு முதலிய இயக்கங்களில் முனைந்து நின்ற பெண்களிடமிருந்தும் அவர் விலகியே இருந்தார். பின்னர் நிகழ்ந்த மாற்றத்தின் அளவை மதிப்பிட இம்முன்நிலை கருதத்தக்கது.

3. திருப்பம்: போங்கா மக்களின் முறையீடு

1868-ஆம் ஆண்டின் லாரமி கோட்டை உடன்படிக்கையில், போங்கா மக்களுக்கு முன்னரே உறுதியளிக்கப்பட்டிருந்த நிலம் தவறுதலாகச் சூ மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. பிழை திருத்தப்படவில்லை. மாறாக, போங்கா மக்களே 1877-இல் நெப்ராஸ்காப் பகுதியிலிருந்து தெற்கே இந்தியர் பிரதேசத்திற்கு வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டனர். நோயாலும் பசியாலும் பலர் மாண்டனர். இறந்த தம் மகனின் உடலை முன்னோர் நிலத்தில் அடக்கம் செய்யும்பொருட்டுத் திரும்பி நடந்த தலைவர் ஸ்டாண்டிங் பியர் சிறைப்பிடிக்கப்பட்டார். 1879 மே மாதத்தில் ஒமாகா நகரில் நீதிபதி எல்மர் டண்டி, பூர்வகுடி ஒருவரும் சட்டத்தின் முன் மனிதரே எனவும், ஆட்கொணர்வு மனு தொடுக்க அவருக்கு உரிமை உண்டு எனவும் தீர்ப்பளித்தார்.

அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் ஸ்டாண்டிங் பியர், மொழிபெயர்ப்பாளராகிய ஒமாகாப் பெண் சூசெட் லா பிளெஷ் உடன்வரக் கிழக்கு நகரங்களில் முறையிட்டு வந்தார். பாஸ்டனில் அவர் பேச்சைக் கேட்ட நாள் ஹெலனின் வாழ்வை இரண்டாகப் பிரித்தது. அதன்பின் எஞ்சிய ஆறு ஆண்டுகளும் அவர் வேறெதற்கும் தம்மை முழுமையாக ஒப்படைக்கவில்லை.

செய்தித்தாள்களுக்கு மடல் எழுதினார், நிதி திரட்டினார், மனுக்களைப் பரப்பினார். உள்துறைச் செயலர் கார்ல் ஷூர்ஸுடன் நேரடியாக மடற்போர் தொடுத்தார். பழங்குடிகள் நிலத்திற்காக வழக்குத் தொடுக்க இயலாது. திரட்டிய நிதியைக் கல்விக்குச் செலவிடலாம் என்பது ஷூர்ஸின் வாதம். நில உரிமை இல்லாதவர்க்குக் கல்வி எதன்மேல் நிற்கும் என்னும் நிலையில் ஹெலன் எதிர்வாதம் செய்தார். தாம் வாழ்ந்த கொலராடோவின் பழியையும் அவர் மறைக்கவில்லை. 1864-இல் சேண்ட் கிரீக்கில் நிகழ்ந்த படுகொலையை அவர் நினைவூட்டியபோது, அதனை நியாயப்படுத்தி எழுதிய டென்வர் இதழாளர் வில்லியம் பயர்ஸுடன் பொதுவெளியில் மோதினார். கணவரின் தொழிலும் சுற்றமும் சார்ந்திருந்த சமூகத்தையே எதிர்த்து எழுதுவது எளிய செயல் அன்று.

நியூயார்க்கின் ஆஸ்டர் நூலகத்தில் அரசு ஆவணங்களை மாதக்கணக்கில் பயின்று அவர் எழுதிய ‘மானக்கேட்டின் ஒரு நூற்றாண்டு’ 1881-இல் வெளிவந்தது. டெலாவர், செயென், நெஸ் பெர்ஸ், சூ, போங்கா, வினபேகோ, செரோக்கி ஆகிய ஏழு இனக்குழுக்களுடன் செய்துகொண்ட உடன்படிக்கைகள் மீறப்பட்ட முறையை அரசின் சொந்த ஆவணங்களைக் கொண்டே அந்நூல் நிறுவியது. தம் செலவிலேயே காங்கிரஸ் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் அவர் ஒரு படி அனுப்பினார். நூல் விவாதத்தை எழுப்பியது. ஆயினும் அவர் எதிர்பார்த்த விளைவை உடனே தரவில்லை. ஆவணங்கள் அறிவை அசைக்கலாம். மக்கள் மனத்தை அசைக்க வேறொரு வடிவம் வேண்டும் என்னும் எண்ணம் அவரிடம் வலுப்பெற்றது.

4. கலிபோர்னியா: எல்லைப்புறச் சமூகத்தின் மூன்று அடுக்குகள்

ஹெலன் கண்ட தென்கலிபோர்னியாவைப் புரிந்துகொள்ள அதன் முந்தைய வரலாறு சுருக்கமாக நோக்கத்தக்கது. 1769-இல் சான் டியேகோவில் தொடங்கி 1823 வரை பிரான்சிஸ்கன் துறவியர் 21 மிஷன்களை நிறுவினர். திருமுழுக்குப் பெற்ற பூர்வகுடியினர் அவற்றில் குடியமர்த்தப்பட்டு, வேளாண்மையிலும் கால்நடை வளர்ப்பிலும் கைத்தொழில்களிலும் ஈடுபடுத்தப்பட்டனர். விரும்பியபோது வெளியேறும் உரிமை அவர்களுக்கு இல்லை. 1821-இல் மெக்சிகோ விடுதலை பெற்றது. 1830-களில் மிஷன்கள் சமயக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டன. அவற்றின் நிலத்தில் ஒரு பகுதி பூர்வகுடியினருக்குச் சேரவேண்டும் என்பது திட்டம். நடைமுறையில் பெரும்பகுதி ராஞ்சோ எனப்பட்ட பெரும்பண்ணைகளாக ஸ்பானிய வழிக் குடும்பங்களிடம் சென்றது.

1848-இல் குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கையால் கலிபோர்னியா ஐக்கிய நாடுகளின் பகுதியாயிற்று. 1851-ஆம் ஆண்டின் நிலச்சட்டம், முந்தைய ஆட்சிகள் வழங்கிய நில உரிமைகளை ஆணையத்தின் முன் மெய்ப்பிக்குமாறு கோரியது. பண்ணை உரிமையாளர்கள் பட்டா பெறுவதற்கு வழக்குகளில் சராசரியாகப் 17 ஆண்டுகள் போராட நேர்ந்தது. பலர் வழக்குச் செலவிலேயே நிலம் இழந்தனர். அச்சட்டம் இருப்பதையே அறியாத பூர்வகுடியினர் தம் ஊர்களுக்குக் கோரிக்கையே செலுத்தவில்லை. 1851–52-இல் அவர்களுடன் செய்துகொண்ட 18 உடன்படிக்கைகளையும் செனட் ஏற்க மறுத்தது. 1840-களின் பிற்பகுதியில் ஏறத்தாழ 1,50,000 ஆக இருந்த கலிபோர்னியப் பூர்வகுடி மக்கள்தொகை 1870-இல் ஏறத்தாழ 30,000 ஆகச் சுருங்கியது.

எனவே அங்குப் பூர்வகுடியினர், ஸ்பானிய–மெக்சிக மரபினர், அமெரிக்கக் குடியேறிகள் என்னும் மூன்று அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருந்தன. நடு அடுக்கினர் ஒருபுறம் இழந்தவர். மறுபுறம் பிறர் நிலத்தைத் தாமே முன்னர்க் கைக்கொண்டவர். இச்சிக்கலே ‘ரமோனா’வின் களம்.

5. கள ஆய்வும் அரசு அறிக்கையும்

‘செஞ்சுரி’ இதழுக்குக் கட்டுரைகள் எழுதும்பொருட்டு 1881–82 குளிர்காலத்தில் ஹெலன் லாஸ் ஏஞ்சலஸ் வந்தார். அந்நகரின் முன்னாள் மேயரான அந்தோனியோ கொரோனெலும் அவர் மனைவி மரியானாவும் அவருக்கு வழிகாட்டினர். பழைய வாழ்முறையைப் பேணிய குடும்பங்கள், சிதைந்த மிஷன்கள், மலையடிவாரத்துப் பூர்வகுடி ஊர்கள் ஆகியவற்றைக் காண வேண்டிய வழித்தடத்தைக் கொரோனெலே வகுத்துத் தந்தார். 1882 ஜனவரியில் கமுலோஸ் பண்ணையில் அவர் சில மணி நேரமே தங்கினார். அச்சிறு பொழுதில் கண்ட முற்றமும் தாழ்வாரமும் வழிபாட்டுக் கூடமும் பின்னர்ப் புதினத்தின் மொரேனோ பண்ணையாக உருப்பெற்றன.

அவ்வாண்டில் இந்தியர் விவகார ஆணையர் ஹைரம் பிரைஸ் வழியாக உள்துறை அவரைச் சிறப்பு முகவராக அமர்த்தியது. பெண் ஒருவர் அத்தகைய பொறுப்பேற்றது அக்காலத்தில் அரிது. ஸ்பானிய மொழி அறிந்த ஆப்பட் கின்னி அவருக்கு உடன் ஆணையரானார். இருவரும் 1883 இளவேனிலில் சபோபா, கவியா, வார்னர் பண்ணை, பாலா, பச்சாங்கா முதலிய ஊர்களுக்கு மலைப்பாதைகளில் வண்டியிலும் குதிரையிலும் சென்றனர். 1875-இல் நீதிமன்ற ஆணையின் பேரில் தெமெகுலாவிலிருந்து வெளியேற்றப்பட்ட லூயிசெனோ மக்களின் இடிந்த வீடுகளையும், நீரற்ற பள்ளத்தாக்கில் அவர்கள் மீண்டும் எழுப்பியிருந்த ஊரையும் ஹெலன் நேரில் கண்டார்.

அவர் அப்பகுதியில் ஆய்வு மேற்கொண்டிருந்த காலத்திலேயே, 1883 மார்ச் மாதத்தில், ஹுவான் டியேகோ என்னும் கவியா இனத்தவர் சாம் டெம்பிள் என்பவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வப்போது மனந்தடுமாறும் இயல்புடைய ஹுவான் டியேகோ வேறொருவர் குதிரையில் வீடு திரும்பியிருந்தார். அவர் மனைவியின் கண்ணெதிரே கொலை நிகழ்ந்தது. தற்காப்பு என்னும் காரணம் ஏற்கப்பட்டுக் கொன்றவர் விடுவிக்கப்பட்டார். பூர்வகுடிப் பெண்ணின் சாட்சியத்திற்கு அங்கு இடமில்லை. கைம்பெண்ணின் பெயர் ரமோனா லூபோ.

1883-இல் அளிக்கப்பட்ட அறிக்கை இக்கொலையையும் பதிவு செய்தது. ஒதுக்கு நிலங்களை அளந்து எல்லை குறித்தல், அத்துமீறிக் குடியேறியவர்களை அகற்றுதல், பட்டா வழங்குதல், பள்ளிகள் நிறுவுதல், பூர்வகுடியினருக்காக வழக்காட வழக்கறிஞர்களை அமர்த்துதல் ஆகியன அதன் முதன்மைப் பரிந்துரைகள். அவற்றின் அடிப்படையில் அமைந்த சட்ட முன்வடிவு செனட்டில் 1884-இல் நிறைவேறியும் கீழவையில் தேங்கி மடிந்தது.

6. ‘ரமோனா’ எழுந்த முறை

வரலாற்று நூல் எழுதியாயிற்று, அறிக்கையும் அளித்தாயிற்று, இரண்டும் கதவைத் திறக்கவில்லை. ‘டாம் மாமாவின் குடிசை’ கறுப்பின மக்களுக்குச் செய்ததில் சிறு பங்கையேனும் பூர்வகுடியினருக்குச் செய்யும் கதை ஒன்றை எழுத ஹெலன் உறுதி பூண்டார். மருந்தைத் தேனில் குழைத்துத் தருவது போல, வாசகர் அறியாமலே உண்மையை உட்கொள்ளச் செய்வது அவர் உத்தி. நியூயார்க்கில் ஒரு விடுதி அறையில் 1883 டிசம்பர் 1 அன்று எழுதத் தொடங்கி, 1884 மார்ச் மாதத்தில் முடித்தார். சட்டத்தின் பெயரால் நிகழும் கொடுமையைச் சுட்டும் வகையில் முதலில் அவர் கருதிய தலைப்பு ‘சட்டத்தின் பெயரால்’ என்பதாகும். ‘கிறிஸ்டியன் யூனியன்’ வார இதழில் தொடராக வெளிவந்த புதினம், 1884 நவம்பரில் நூலாயிற்று.

ஸ்காட்லாந்துத் தந்தைக்கும் பூர்வகுடித் தாய்க்கும் பிறந்த ரமோனா, சென்யோரா மொரேனோவின் பண்ணையில் அன்பின்றி வளர்கிறாள். ஆட்டு உரோமம் கத்தரிக்க வரும் குழுவின் தலைவனும் தெமெகுலா ஊர்த்தலைவரின் மகனுமான அலெஸாண்ட்ரோவை அவள் விரும்புகிறாள். சென்யோரா மறுக்கிறாள். இருவரும் வெளியேறுகின்றனர், அதற்குள் தெமெகுலா அழிந்துவிடுகிறது. குடியேறும் ஒவ்வோர் ஊரிலிருந்தும் அவர்கள் விரட்டப்படுகின்றனர். அரசு மருத்துவர் வர மறுத்ததால் முதற்குழந்தை இறக்கிறது. மனம் பேதலித்த அலெஸாண்ட்ரோ பிறர் குதிரையில் வீடு வந்தமைக்காகச் சுட்டுக் கொல்லப்படுகிறான். சென்யோராவின் மகன் ஃபெலிப்பே ரமோனாவைத் தேடி மீட்டு, மணந்து, மெக்சிகோவிற்கு இட்டுச் செல்கிறான்.

புதினத்தின் முதன்மை நிகழ்வுகள் பலவும் அறிக்கையின் பக்கங்களிலிருந்தே வந்தவை என்பது நோக்கத்தக்கது. 1875-இன் வெளியேற்றமும் 1883-இன் கொலையும் சில ஆண்டு எல்லைக்குள் ஒரே குடும்பத்தின் மீது நிகழ்வனவாகச் செறிவூட்டப்பட்டுள்ளன. பல ஊர்களின் துயரை ஒரு குடும்பத்தின் மேல் ஏற்றியதே ஹெலனின் புனைவுத்திறன். ரமோனாவின் கலப்புப் பிறப்பும் வடிவ நோக்கம் உடையது. பண்ணை வீட்டின் ஆங்கில வாசகர் விரும்பும் அழகையும், பூர்வகுடி ஊரின் அழிவையும் ஒரே பாத்திரத்தின் கண்வழியே காட்ட அது துணைபுரிந்தது.

புதினத்தின் குறைகளும் சுட்டத்தக்கன. பிரான்சிஸ்கன் துறவியரை அருளாளராகவே ஹெலன் காட்டினார். மிஷன்களில் நிலவிய கட்டாய உழைப்பும் தண்டனையும் பின்தள்ளப்பட்டன. சென்யோராவின் கொடுமையை வரைந்தபோதும், பண்ணை வாழ்வின் ஒளியில் அது மங்கியது. ரமோனா இறுதியில் ஸ்பானிய மரபினரின் மனைவியாக நாடு நீங்குவதால், பூர்வகுடியினருக்கு அம்மண்ணில் எதிர்காலமே இல்லை என்னும் பொருளும் தோன்றுகிறது. எனினும் ரமோனா நாட்டைவிட்டு வெளியேறும் முடிவு, அமெரிக்கக் கலிபோர்னியாவின் மீது ஆசிரியர் வழங்கிய தீர்ப்பாகவும் கொள்ளத்தக்கது.

இதே காலத்தில், 1885-இல், மரியா அம்பாரோ ருயிஸ் தெ பர்ட்டன் எழுதிய ‘அத்துமீறிக் குடியேறியவரும் பண்ணைத் தலைவரும்’ என்னும் பொருள்படும் தலைப்புடைய புதினம் புனைபெயரில் வெளிவந்தது. பண்ணைக் குடும்பம் ஒன்று நிலச்சட்டத்தாலும் இருப்புப்பாதை முதலாளிகளாலும் வீழ்வதை அது சித்திரிக்கிறது. ஆசிரியர் அச்சமூகத்தினுள் பிறந்தவர். ஆதலின் உள்ளிருந்து எழும் சினம் அதில் உண்டு. ஆனால் பூர்வகுடியினர் அங்குப் பண்ணையாட்களாக ஓரத்திலேயே நிற்கின்றனர். வெளியிலிருந்து வந்த ஹெலனோ அடுக்கின் அடியில் இருந்தவரை நடுவில் நிறுத்தினார். இரு புதினங்களையும் இணைத்துப் படிக்கும்போதே அவ்வெல்லைப்புறச் சமூகத்தின் முழு வடிவம் புலனாகும்.

7. இறுதி நாள்கள்

1884 ஜூன் மாதத்தில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் வீட்டு மாடிப்படியிலிருந்து வீழ்ந்து ஹெலனின் கால் எலும்பு முறிந்தது. ஊன்றுகோல் துணையுடன் கலிபோர்னியா சென்ற அவரை வேறொரு நோயும் பற்றியிருந்தது. அது வயிற்றுப் புற்றுநோய் எனப் பின்னர்த் தெரிந்தது. மதிப்புரையாளர் பலர் ‘ரமோனா’வின் காதலையும் இயற்கை வருணனையையும் புகழ்ந்து, அதன் வழக்கை மறந்தமை அவரை வருத்தியது. தேன் சுவைக்கப்பட்டது, மருந்து எஞ்சிவிட்டது.

படுக்கையிலும் பணி நிற்கவில்லை. 1885 ஆகஸ்ட் 8 அன்று குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லாந்திற்கு அவர் மடல் எழுதினார். தம் ‘மானக்கேட்டின் ஒரு நூற்றாண்டு’ நூலைப் படிக்குமாறு வேண்டிய அம்மடலே அவருடைய இறுதி முறையீடு. நான்கு நாள்கள் கழித்து, ஆகஸ்ட் 12 அன்று, சான் பிரான்சிஸ்கோவில் அவர் காலமானார். அவர் விரும்பியவாறு கொலராடோவின் செயென் மலைச்சரிவில் அடக்கம் செய்யப்பட்டார்; சில ஆண்டுகளுக்குப்பின் எச்சங்கள் நகர்க் கல்லறைக்கு மாற்றப்பட்டன.

8. வாழ்வுக்குப் பின்

அவர் தொடங்கிவைத்த பணி நீதிமன்றத்தில் ஒரு பயனைத் தந்தது. சபோபா மக்களை வெளியேற்றும் வழக்கிற்காக அவர் முன்னரே வழக்கறிஞர்களை நாடியிருந்தார். 1888-இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் அம்மக்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1891-இல் மிஷன் இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. அவருடைய அறிக்கையின் பரிந்துரைகள் பல அதில் இடம்பெற்றன. ஆயினும் ஐக்கிய நாடுகளின் உச்ச நீதிமன்றம் 1901-இல், 1851-ஆம் ஆண்டுச் சட்டப்படி கோரிக்கை செலுத்தாதவர்க்கு உரிமை இல்லை எனத் தீர்ப்பளித்தது. அதன்படி 1903-இல் வார்னர் பண்ணையின் கூப்பெனோ மக்கள் பாலாவிற்கு வெளியேற்றப்பட்டனர். ஹெலன் நேரில் கண்டு எச்சரித்த ஊர், அவர் மறைந்து பதினெட்டு ஆண்டுகளில் தெமெகுலாவின் கதியையே அடைந்தது.

புதினத்தின் வாழ்வோ வேறு திசையில் சென்றது. சாண்டா ஃபே இருப்புப்பாதை 1885-இல் லாஸ் ஏஞ்சலஸை எட்டியதும் பயணிகள் பெருகினர். அவர்கள் ரமோனா பிறந்த இடம், மணந்த இடம், வாழ்ந்த பண்ணை எனத் தேடி அலைந்தனர். 1910-இல் டி. டபிள்யூ. கிரிஃபித் அதனைத் திரைப்படமாக்கினார். 1923 முதல் ஹெமெட் நகரில் ஆண்டுதோறும் ‘ரமோனா’ திறந்தவெளி நாடகமாக நிகழ்த்தப்பட்டு வருகிறது. கலிபோர்னியாவின் ஸ்பானிய இறந்தகாலம் ஓர் இனிய கற்பனையாக விற்கப்பட்டதை ஆய்வாளர் கேரி மெக்வில்லியம்ஸ் 1946-இல் கடுமையாக விமரிசித்தார். நிலத்தை இழந்தோர்க்காக எழுதப்பட்ட நூல், அந்நிலத்தில் மனைகள் விற்போருக்கு விளம்பரமாயிற்று.

வேறுவகை வாசிப்பும் இருந்தது. நியூயார்க்கில் நாடு கடந்து வாழ்ந்த கியூபக் கவிஞர் ஹோசே மார்த்தி 1887-இல் ‘ரமோனா’வை ஸ்பானிய மொழியில் பெயர்த்து வெளியிட்டார். கலப்பினப் பெண்ணைத் தலைவியாகக் கொண்ட அக்கதையில், தம் கண்டத்தின் மக்களுக்குரிய புதினத்தை அவர் கண்டார். ஆங்கில வாசகர் இழந்த அழகைக் கண்ட இடத்தில், மார்த்தி வருங்கால ஆபத்தைக் கண்டார். வடக்கின் நிலப்பசி தெற்கிற்கும் வரும் என்பது அவர் அச்சம்.

முடிவுரை

ஹெலன் ஹண்ட் ஜாக்சனின் வாழ்வு, ஓர் எழுத்தாளர் தம் முந்தைய பார்வையைத் தாமே மறுத்த வரலாறு. 1872-இல் அருவருத்து நோக்கிய மக்களின் ஊர்களை 1883-இல் அவர் வீடுவீடாகக் கணக்கெடுத்தார். ஆவண நூல், அரசு அறிக்கை, புதினம் என ஒன்று பயன்தராதபோது மற்றொன்றை நாடினார். வடிவம் மாறியபோதும் வழக்கு மாறவில்லை.

‘ரமோனா’வின் ஏற்பு வரலாறு, எல்லைப்புறச் சமூகத்தைப் பாடுபொருளாக்கும் வரலாற்றுப் புதினங்களுக்குப் பொதுவான ஓர் இடர்ப்பாட்டைத் தெளிவாக்குகிறது. அநீதியை உணர்த்தக் கையாளப்படும் அழகு, அநீதியை மறக்கவும் துணைசெய்யலாம். அறிக்கையையும் புதினத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது அம்மறதி விலகுகிறது. அலெஸாண்ட்ரோவின் பின்னே ஹுவான் டியேகோவும், மொரேனோ பண்ணையின் பின்னே தெமெகுலாவின் இடிந்த சுவர்களும் தெரிகின்றன. அவ்வகையில் ‘ரமோனா’வைக் காதற்கதையாக மட்டுமன்றி, நில உரிமை வழக்கொன்றின் இலக்கியச் சான்றாகவும் கொள்வதே அதன் ஆசிரியரின் வாழ்விற்குப் பொருந்திய வாசிப்பாகும்.